அண்ணன் போட்டுக்கொடுத்த லினக்ஸ்

பிரியமுள்ள அண்ணனுக்கு,

மதினி சுகம். பெங்களூரில் கதிரும் சுகம். என் முழங்கால் வலி பழையபடியே இருக்கிறது. நீங்கள் இருந்த காலத்திலும் அதைக் கேட்டதில்லை, அதனால் விட்டுவிடுகிறேன். இந்தக் கடிதம் உங்கள் கம்ப்யூட்டர் விஷயமாக. லேக் கார்டன்ஸ் வீட்டில் ஜன்னலோரம் நீங்கள் விட்டுப்போன பெட்டியில் இப்போது லினக்ஸ் இல்லை. விண்டோஸ் ஓடுகிறது.

இதைக் கேட்டால் உங்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். கிடர்பூர் துறைமுகத்தில் எலெக்ட்ரிக்கல் வேலையில் இருந்தபோது, நீங்கள் லீவில் போன நேரம் பார்த்து யாராவது உங்கள் வயரிங்கில் கை வைத்துவிட்டால் ஒரு முகத்தோடு வீட்டுக்கு வருவீர்களே, அந்த முகம். அதனால்தான் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன். கோபப்படுவதென்றால் முழுக்கக் கேட்டுவிட்டுப் படுங்கள்.

நான் ரொம்பக் களைத்துப்போயிருக்கிறேன், அண்ணே. நீங்கள் போன பிறகு இது இரண்டாவது துர்கா பூஜை; தெருவில் பந்தலுக்கு மூங்கில் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு மனிதர் இறந்துபோனால் அழுவதற்குத்தான் நேரம் வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். பாஸ்வேர்டுக்கும் பிரிண்டருக்கும் இவ்வளவு நேரம் போகும் என்று யாரும் சொல்லவில்லை.

தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து இதைப் படிக்கிறவர்களுக்காக உங்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். ஒரு தடவை வைரஸ் வந்து கதிரின் சின்ன வயசுப் படங்களையெல்லாம் தின்றுவிட்டது. அன்றிலிருந்து நீங்கள் வேறு ஆள். ஊரில் எல்லோர் கம்ப்யூட்டரிலும் இருக்கிற விண்டோஸைக் கழற்றி எறிந்துவிட்டு, உலகத்தில் யார் யாரோ சேர்ந்து செய்து காசில்லாமல் பொதுவில் வைத்திருக்கிற லினக்ஸை உங்கள் பெட்டியில் போட்டுக்கொண்டீர்கள். போட்டதோடு நின்றீர்களா? சட்டைப்பையில் பேனா இருந்ததோ இல்லையோ, பென்டிரைவ் இருந்தது. இங்கே வங்காளத்தில் நம் தமிழ்க் குடும்பங்கள் பொங்கலுக்குக் கூடினால், இலையில் சர்க்கரைப் பொங்கல் விழும் முன்னால் நீங்கள் யாரிடமாவது ஆரம்பித்திருப்பீர்கள்.

"இது யாருக்கும் சொந்தமில்லடே. அதனால ஒருத்தனும் வந்து பிடுங்கிக்கிட முடியாது," என்பீர்கள்.

"எனக்குப் போன் போதும்ண்ணே," என்று நான் நழுவுவேன்.

"உங்க மைனியே ஓட்டுதா. பொறவு உனக்கு என்னல கஷ்டம்?"

அந்தப் பேச்சு எங்கே போனாலும் மதினியில்தான் வந்து முடியும். கம்ப்யூட்டரில் ஆனா ஆவன்னா தெரியாத ஒரு வீட்டுப் பெண் லினக்ஸ் ஓட்டுகிறாள் என்பதுதான் உங்கள் பிரம்மாஸ்திரம். அது பொய்யும் இல்லை. சர்க்கரை வந்து மதினியின் கண்ணைப் பிடித்துக்கொண்ட பிறகு, போனைக் கையில் கொடுத்தால் "எறும்பு ஊருத மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அவருக்காகத்தான் நீங்கள் அந்தப் பெரிய திரையை வாங்கி, அதில் பிஸ்கட் அளவுக்கு நான்கு படங்களை வைத்தீர்கள். கரண்ட், கேஸ், பேங்க், கதிர். தமிழிலேயே பெயர். எதைத் தொட்டால் எது வரும் என்று அவர் யோசிக்க வேண்டியதே இல்லை. கீபோர்டில் ஒவ்வொரு விசையிலும் தமிழ் எழுத்தை ஒட்டினீர்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் போக கேப்ஸ் லாக் விசையை ஒதுக்கிக் கொடுத்தீர்கள். கம்ப்யூட்டர் என்றாலே கடையிலிருந்து இப்படித்தான் வரும் என்று மதினி ரொம்ப நாள் நினைத்திருந்தாராம்.

அத்தனை வருஷமும் அது ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை என்பீர்கள். எனக்கு இப்போதுதான் தெரிகிறது, அது தினமும் ஏதாவது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பதில் சொல்ல நீங்கள் பக்கத்து அறையில் இருந்தீர்கள்.

காரியமெல்லாம் முடிந்து கதிர் ஊருக்குப் போன பிறகு, ஒரு காலையில் மதினி போன் பண்ணினார். "தம்பி, இவுக பெட்டி என்னமோ கேக்குது. ஆமாங்கவா, இல்லங்கவா?" அப்டேட் வந்திருக்கிறது, புதுசு போட்டுக்கொள்ளட்டுமா என்று அது கேட்டிருக்கிறது. மரியாதையாகக் கேட்கிறதே என்று நினைத்து, ஆமாம் என்று சொல்லச் சொன்னேன். பாதி வழியில் அது நின்றுபோயிற்று. கதிரைக் கேட்டால், "டென்ஷன் ஆகாதீங்க சித்தப்பா, டெர்மினல் ஓப்பன் பண்ணுங்க, சிம்பிள்தான்," என்றான். நீங்கள் அடிக்கடி திறந்து வைத்துக்கொண்டு உட்காருவீர்களே, அந்தக் கறுப்புத் திரை. பவானிபூரில் என் வீட்டிலிருந்து கிளம்பிப் போய் அதன் முன்னால் உட்கார்ந்தேன்.

அவன் சொன்னதை எழுத்துக்கூட்டி அடித்தேன். அது பாஸ்வேர்டு கேட்டது. பாஸ்வேர்டு எங்களுக்குத் தெரியும். நீங்கள் ஒளித்து வைக்கிற ஆள் இல்லை. அடித்தேன். திரையில் ஒன்றுமே விழவில்லை. மறுபடியும் அடித்தேன். ஒரு புள்ளிகூட இல்லை. மதினி கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து தானும் அடித்துப் பார்த்தார். உங்கள் பாஸ்வேர்டு பெரும்பாலும் எண்கள் என்பதால், எண் விசைகள் செத்துவிட்டன என்று நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து முடிவு கட்டினோம்.

அடுத்த நாள் மெட்ரோ பிடித்துச் சாந்தினி மார்க்கெட்டுக்குப் போய்ப் புதுக் கீபோர்டு வாங்கி வந்தேன். அதிலும் விழவில்லை. திரும்பக் கொண்டுபோய்க் கடைக்காரரிடம் சண்டை பிடித்தேன். அவர் அதைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, ஒன்றிலிருந்து பூஜ்யம் வரைக்கும் அடித்துக் காட்டிவிட்டு என்னையே பார்த்தார். அந்தப் பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கதிரிடம் சொன்னபோது அவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நீங்கள் போன பிறகு அவன் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். "அது அப்படித்தான் சித்தப்பா. நீங்க அடிக்கிறது ஸ்க்ரீன்ல தெரியாது. ஆனா உள்ள போயிரும். அடிச்சுட்டு என்டர் தட்டுங்க, போதும்."

"எதுக்குடே மறைக்குது?"

"செக்யூரிட்டி."

யாரிடமிருந்து, அண்ணே? அந்த அறையில் இருந்தது நானும் மதினியும்தான்.

இப்படி ஒவ்வொன்றாக வந்தது. பழைய பிரிண்டர் போய்விட்டது என்று புதிது வாங்கினோம். அதனோடு வந்த அட்டையில் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் வழி போட்டிருந்தது, உங்களுடையதைத் தவிர. இணையத்தில் லினக்ஸ்காரர்கள் கூடுகிற இடத்தில் என் ஓட்டை ஆங்கிலத்தில் கேட்டேன். யாரோ ஒரு நல்ல மனிதர் உடனே பதில் போட்டார். எந்தப் பதிப்பு, எந்த கெர்னல், இந்த மூன்று கட்டளைகளைக் கொடுத்து என்ன வருகிறதென்று ஒட்டுங்கள் என்றார். காசு வாங்காமல் ஊர் பேர் தெரியாதவனுக்காக உட்கார்ந்து எழுதுகிறார். அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டால் சொல்லலாம். குடலில் எந்த மடிப்பு என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

அந்த வாரம் முழுக்க உங்களோடு மனசுக்குள் வழக்காடிக்கொண்டே இருந்தேன். இலவசம், இலவசம் என்று ஊரெல்லாம் சொன்னீர்களே. உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை அந்தக் கணக்கில் சேர்த்தீர்களா?

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. அடுத்தது அப்படி இல்லை.

மதினியைப் பெங்களூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று கதிர் முதல் நாளிலிருந்தே சொல்லிவந்தான். மதினிக்கு இஷ்டமில்லை. காலையில் ஏரிக்கரையில் நடக்க அவருக்குக் கூட்டு இருக்கிறது. கத்தரிக்காய்க்காரரோடு வங்காளத்தில் பேரம் பேசுகிற சுகம் இருக்கிறது. நீங்கள் இருந்த வீடும் அதுதான். அவனும் கொஞ்சம் இறங்கி வந்து ஓர் ஏற்பாடு செய்தான். பில் கட்டுவது, பென்ஷன் பார்ப்பது, கேஸுக்குச் சொல்வது எல்லாம் அம்மாவே செய்துகொள்ள வேண்டும், தினமும் காலையில் கம்ப்யூட்டரில் முகம் காட்ட வேண்டும். அப்படி நடக்கிற வரைக்கும் அம்மா அங்கேயே இருக்கட்டும் என்றான். ஆக, அந்த வீட்டில் மதினி இருப்பதும் போவதும் உங்கள் பெட்டியின் கையில் வந்து நின்றது.

ஒரு காலையில் கதிர் கூப்பிட்டிருக்கிறான். திரையில் மதினி வந்திருக்கிறார். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. ஒரு கையைத் தூக்கிக் காதைக் காட்டுகிறார், மறுபடியும் வாய் அசைகிறது. முந்தின நாள் அது ஏதோ புதுசு போட்டுக்கொண்டதில் மைக் செத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அவனுக்கு அது எப்படித் தெரியும்? உங்களுக்கு ஸ்ட்ரோக் வந்தபோது முதலில் போனது பேச்சுதானே, அண்ணே. ஆஸ்பத்திரியிலிருந்து நான் காட்டிய வீடியோவில் உங்கள் வாயும் அப்படித்தான் அசைந்தது. உயிரோடு அவன் கடைசியாகப் பார்த்த உங்கள் முகம் அதுதான்.

மதினியின் போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. அவன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு எனக்குப் போட்டான். "சித்தப்பா, அம்மாவுக்குப் பேச்சு வரல," என்றான். அவன் குரல் பத்து வயசுக் கதிரின் குரலாக இருந்தது.

செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் டிரைவரிடம் "தாதா, ஜோரே சொலுன்", அண்ணே, வேகமாகப் போங்கள் என்று கெஞ்சிக்கொண்டே போனேன். படியேறிப் பெல்லை அழுத்தினால், மதினி டீ கப்போடு கதவைத் திறக்கிறார்.

"என்ன தம்பி, இப்பிடி மூச்சு வாங்குது? சட்டப் பொத்தான மாத்திப் போட்டிருக்கியளே."

நான் அங்கேயே செருப்பு வைக்கிற பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. உங்களைத்தான் திட்டினேன், சத்தமாக. மதினி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே போய் எனக்கும் ஒரு டீ கொண்டுவந்தார்.

அந்த வாரக் கடைசியில் கதிர் வந்துவிட்டான். மைக்கை அவன் சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? சூட்கேஸைக் கீழே வைக்கும் முன்னால் செய்துவிட்டான். ஆனால் முகம் தெளியவில்லை. சாப்பிட்டு முடித்ததும் ஆரம்பித்தான்.

"போதும்மா. என்கூட வந்திருங்க. ஒரு மைக் போச்சுன்னாகூட சித்தப்பா ஓடி வரணும். அவருக்கும் வயசாகுது."

இத்தனை நாள் அந்தப் பெட்டியைக் கரித்துக் கொட்டியவன் நான். அப்போது என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "அண்ணன் பாத்துப் பாத்துச் செஞ்சு வச்சதுடே. நான் பாத்துக்கிடுதேன்," என்றேன்.

"நீங்களா?" என்றான். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டான்.

எனக்குச் சுருக்கென்றது. "நீ ஆபீஸ்ல பாக்குறதே லினக்ஸ்தானே? வீட்டுக்கு மட்டும் ஆகாதா?"

"அது சர்வர் சித்தப்பா. அங்க ஒண்ணு நின்னா பாக்க ஒரு டீமே இருக்கு. இங்க அப்பா மட்டும்தானே டீம்."

அதுவரை தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த மதினி கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நான் ஒண்ணு சொல்லட்டா? மேல் வீட்டு பௌதி என்ன வச்சிருக்காளோ, அதையே இதுலயும் போட்டிருங்க."

மேல் வீட்டு பௌதியை உங்களுக்கு மறந்திருக்காது. பௌதி என்றாலும் மதினி என்றாலும் ஒன்றுதான். அந்தக் கட்டடத்தில் எனக்கு வங்காளத்தில் ஒரு மதினி, தமிழில் ஒரு மதினி. அவர் கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் ஓடுகிறது என்று நீங்கள் எத்தனை தடவை கேலி செய்திருக்கிறீர்கள்.

"மைனி, அண்ணன் கேட்டா..." என்று இழுத்தேன்.

"அவுக கேக்கட்டும். எனக்கு எது வேணும்னு அவுக ஒருநாளும் கேட்டதில்ல தம்பி. நானும் சொன்னதில்ல. அவுக பக்கத்து ரூம்ல இருந்தாவ, அப்ப எது இருந்தா எனக்கென்ன? இது நல்லதா, அது நல்லதான்னு எனக்குத் தெரியாது. நின்னு போச்சுன்னா யாரக் கூப்பிடணும்னு தெரியணும். பௌதிக்கு அது தெரியும், அவ மகளுக்குத் தெரியும், கீழ மருந்துக் கடைக்காரருக்குத் தெரியும். இது யாருக்குத் தெரியும்? அவுகளுக்குத் தெரியும். அவுக எங்க?"

கதிர் தலையைக் குனிந்துகொண்டான். மதினி நிறுத்தவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "எனக்குப் பெட்டி முக்கியமில்லடே. இந்த வீட்ட விட்டு என்னை எழுப்பாதிய."

அண்ணே, எனக்கு அப்போது வந்தது துக்கம்கூட இல்லை, ஆத்திரம். உங்கள் சட்டையை எடுத்து யாருக்கோ கொடுக்கிற மாதிரி இருந்தது. அந்தப் பெட்டியால் அதிகம் அலைந்தவன் நான். அதை விடமாட்டேன் என்று மல்லுக்கு நின்றவனும் நான். வாழ்ந்தவர் மதினி. அவருக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

எங்கள் தெருமுனைக் கம்ப்யூட்டர்க்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இருக்கிற டிஸ்க் பழசு, புதுசு போட்டால்தான் விண்டோஸ் தாங்கும் என்றார். உங்கள் லினக்ஸ் அந்தப் பழசிலேயே துள்ளிக்கொண்டு ஓடியதை நான் அவரிடம் எடுத்துச் சொன்னேன் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். கழற்றும் முன் அவர் அந்தத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான்கு பெரிய படங்கள், தமிழ் எழுத்துகள். "ஜினிஷ்டா பாலோ," என்றார். பொருள் நல்ல பொருள்தானாம். கூடவே, இதைச் செய்தவர் எங்கே என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன்.

பழைய டிஸ்கை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மதினியிடம் நீட்டினார். மதினி அதை வாங்கி, முந்தானையால் துடைத்து, என் கையில் கொடுத்தார். "நீங்க கொண்டுபோங்க தம்பி. இங்க இருந்தா நான் பாத்துக்கிட்டே இருப்பேன்." அப்போதுதான் அவர் கண் கலங்கியது. புதுசு ஏறி முடிந்ததும் கம்ப்யூட்டர்க்காரரை அவர் விடவில்லை. அதே நான்கு படம், அதே இடத்தில், அதே பெயரோடு வேண்டும் என்றார். கம்ப்யூட்டர்க்காரருக்குத் தமிழ் தெரியாது. நான் என் போனில் அடித்து அனுப்ப, அவர் ஒவ்வொன்றாக ஒட்டினார். கரண்ட், கேஸ், பேங்க், கதிர். தூரத்திலிருந்து பார்த்தால் நீங்கள் வைத்த மாதிரியேதான் இருக்கிறது.

உங்களுக்கு ஆறுதலாக ஒரு சேதியும் இருக்கிறது. புதுசும் லேசுப்பட்டதில்லை. திறந்தால் யார் யாரோ விளம்பரத்தோடு வந்து நிற்கிறார்கள். அதுவும் கேள்வி கேட்கிறது. முதல் நாள் பெயரைக் கேட்டிருக்கிறது. மதினி விரல் பழக்கத்தில் கேப்ஸ் லாக்கைத் தட்டிவிட்டு, தமிழில் அடிப்பதாக நினைத்து அடித்திருக்கிறார். இப்போது காலையில் திறந்தால் தலைகால் புரியாத பெரிய ஆங்கில எழுத்துகளில் ஒரு பெயரைச் சொல்லி அது வரவேற்கிறது. மாற்றித் தரட்டுமா என்று பௌதியின் மகள் கேட்டாளாம். "கெடக்கட்டும், எம் புதுப் பேரு," என்று சொல்லிவிட்டார். கதிருக்குப் போன முதல் சில சேதிகளும் அதே பாஷையில்தான் போயிருக்கின்றன. இந்தத் தடவை அவன் பயப்படவில்லை. அம்மா எதுக்கு இங்கிலீஷ்ல கெட்ட வார்த்தை சொல்றாங்க என்று என்னிடம் கேட்டான்.

போன மாதம் அந்தப் புதுசிலும் சத்தம் நின்றுபோயிருக்கிறது. மதினி பால்கனிக்குப் போய் மேலே பார்த்துக் குரல் கொடுத்திருக்கிறார். மாவுக் கையோடு இறங்கி வந்த பௌதி, முழங்கையால் மவுஸைத் தள்ளிக்கொண்டு எதையோ தட்டச் சொல்லியிருக்கிறார், சத்தம் வந்துவிட்டது. எனக்கு இந்தச் சேதியே ஞாயிற்றுக்கிழமை போனபோதுதான் தெரியும். நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது, அண்ணே, மறைக்கவில்லை. கதிர் இப்போது பெங்களூர்ப் பேச்சை எடுப்பதில்லை. பூஜைக்கு இங்கே வருகிறேன் என்கிறான்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். நாலு பேருக்குத் தெரிந்திருந்தால் லினக்ஸும் இப்படித்தான் இருக்கும், நாலு பேருக்குத் தெரிய வேண்டுமானால் யாராவது முதல் ஆளாக இருக்கத்தானே வேண்டும் என்பீர்கள். சரிதான். நீங்கள் லேக் கார்டன்ஸில் முதல் ஆளாக இருந்தீர்கள். இரண்டாவது ஆள் வரும் முன்னால் போய்விட்டீர்கள். சொந்தத் தம்பியே போன் போதும் என்று நழுவினேன். இதில் யாரை நான் நொந்துகொள்ள?

அந்த டிஸ்கை என்ன செய்வது என்று தெரியாமல் பீரோவில் துணிக்கு நடுவே வைத்திருந்தேன். பிறகு அதே கம்ப்யூட்டர்க்காரரிடம் ஒரு பழைய பெட்டி கிடந்ததைப் பார்த்து, சும்மா மாட்டிப் பாருங்களேன் என்றேன். வேறு பெட்டியில் போட்டால் எழுந்திருக்காது, புதிதாகத்தான் ஏற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டேதான் மாட்டினார். ஒரு முனகல் இல்லாமல் எழுந்துவிட்டது, அண்ணே. கரண்ட், கேஸ், பேங்க், கதிர். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பெருமையாக இருந்தது. நீங்கள் அங்கே இருந்திருந்தால் அவரை ஒரு மணி நேரம் விட்டிருக்க மாட்டீர்கள்.

அந்தப் பெட்டி இப்போது பவானிபூரில் என் மேஜையில் இருக்கிறது. அன்றைக்கு வாங்கிய கீபோர்டும் வீணாகவில்லை. தமிழ் எழுத்துகளை நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். ழகரம் கோணலாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை அதில்தான் அடிக்கிறேன். கேப்ஸ் லாக்கைத் தட்டினால் தமிழ் வருகிறது.

இன்று மத்தியானம் எழுத உட்காரும்போது அது ஒரு கேள்வி கேட்டது. புதுசு போட்டுக்கொள்ளட்டுமா என்று. எனக்கு வழக்கமான சலிப்பு வந்தது. கூப்பிட்டுக் கேட்க ஆளில்லை. அந்தக் கறுப்புத் திரையைத் திறந்து, கதிர் அன்றைக்குச் சொல்லிக்கொடுத்ததை அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது. உங்கள் பாஸ்வேர்டை, நீங்கள் வைத்த எண்களை, ஒரு விரலால் ஒவ்வொன்றாக அடித்தேன். திரையில் ஒன்றும் விழவில்லை. ஒரு புள்ளிகூட இல்லை. என்டர் தட்டினேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு அது வேலையை ஆரம்பித்தது.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்தப் பெட்டி கேட்கிற கேள்விக்கெல்லாம் என்னால் முடிந்த வரைக்கும் நானே பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். நின்றுபோனால் அந்த நல்ல மனிதர்களிடம் என் ஓட்டை ஆங்கிலத்தில் கேட்பேன். மதினியிடம் இதைப் பற்றிப் பெருமை பேச மாட்டேன். யாராவது கேட்டால் மட்டும், ஒரு ஆளுக்குத் தெரியும் என்று சொல்வேன்.

நீங்கள் போன நாளிலிருந்து உங்களிடம் பேசிக்கொண்டேதான் இருக்கிறேன். எதற்கும் பதில் வருவதில்லை. நான் சொல்வது எங்காவது விழுகிறதா என்றும் தெரிவதில்லை. ஆனாலும் அடித்துவிட்டேன், அண்ணே. இப்போது என்டர் தட்டுகிறேன்.

உங்கள் கூடப்பிறந்தவன்,
போன் போதும் என்று சொன்ன தம்பி